ஆரம்பக் கூட்டத்தில் என்ன முடிவாகிறது? மட்டக்களப்பு, அம்பாறைக் கிராமங்களின் பொது வழக்கும் அடுத்த தேவைகளும்

மாரி மழையோடு செய்கிற பெரும்போகத்துக்கு முன்னால் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களிலும், கோடையில் குளத்து நீரை நம்பிச் செய்கிற சிறுபோகத்துக்கு முன்னால் மார்ச் வாக்கிலும் கிழக்குச் செய்திகளில் ஒரே மாதிரி இரண்டு வரி வரும். இன்ன குளத்தின் கீழ் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடந்தது. முதல் தண்ணீர் இன்ன திகதி, விதைப்பு முடிக்க வேண்டியது இன்ன திகதி, மாடுகளை வட்டையிலிருந்து, அதாவது வயல்வெளியிலிருந்து, அப்புறப்படுத்த வேண்டியது இன்ன திகதி. விவசாயிகளும் அதிகாரிகளும் உட்கார்ந்து அந்தப் போகத்தின் தண்ணீரையும் திகதிகளையும் தீர்மானிக்கிற கூட்டம் அது. வயல் இல்லாதவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

அதே பக்கத்தில் மயிலத்தமடு மேய்ச்சற்தரைக்கான மாட்டுப் பண்ணையாளர் போராட்டம், நெல் விலை, வாவி கடலோடு சேர்கிற முகத்துவாரத்தை வெட்டுவது பற்றிய வாக்குவாதம் என்று வேறு செய்திகளும் இருக்கும். ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத் தெரிந்தாலும் இவை எல்லாமே அந்த ஆரம்பக் கூட்டத்தில் வந்து முட்டுகிற விஷயங்கள்தான். அபிவிருத்தித் திட்ட அறிக்கைகளில் "மக்களின் பொது விழுமியங்கள்" என்று ஒரு பக்கம் ஒதுக்கி ஒற்றுமை, உழைப்பு, பண்பாடு என்று எழுதுவார்கள். எந்த ஊருக்கும் பொருந்துகிற சொற்கள் அவை. இந்த இரண்டு மாவட்டங்களிலும் மூன்று இனத்தவரும் நடைமுறையில் எதை மதிக்கிறார்கள், எது இன்னும் கைகூடவில்லை என்பதற்கு கூட்டக் குறிப்பு அதைவிட நல்ல சான்று.

நிலமும் நீரும்

1961 வரை இரண்டும் ஒரே மாவட்டம். அந்த ஆண்டுதான் அம்பாறை தனியாகப் பிரிந்தது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பில் சுமார் ஐந்தே கால் இலட்சம் பேர். நால்வரில் ஏறக்குறைய மூவர் தமிழர், ஒருவர் முஸ்லிம். அம்பாறையில் சுமார் ஆறரை இலட்சம் பேர். முஸ்லிம்கள் 43 வீதம், சிங்களவர் 39 வீதம், தமிழர் 17 வீதம் என்ற அளவில்.

கோடு பிரிந்தாலும் தண்ணீர் பிரியவில்லை. அம்பாறையின் மேற்கு மேட்டில் பெய்கிற மழை ஆறுகளாக இறங்கி மட்டக்களப்பு வாவிக்கு வருகிறது. வாவியின் நீளம் 56 கிலோமீற்றர். அதற்குக் கிழக்கே கடலோரமாக எழுவான்கரை, சனநெருக்கம் அங்கேதான். மேற்கே படுவான்கரை, வயல் அங்கேதான். ஆகவே காத்தான்குடியில் குடியிருப்பவருக்கு வாவிக்கு அப்பால் வயல் இருக்கும். பக்கத்து வயல்காரர் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துத் தமிழராக இருப்பார். வீடு தனித்தனி ஊரில், வரம்பு ஒன்று. யுத்த காலத்தில், குறிப்பாக 1990க்குப் பிறகு, பல முஸ்லிம் குடும்பங்கள் படுவான்கரை வயல்களுக்குப் போக முடியாமல் இருந்தன. அந்தக் காணிகளில் சிலவற்றின் பிணக்கு இன்றும் ஓயவில்லை.

குளங்களில் இரண்டு வகை. பாசனப் பரப்பு 80 ஹெக்டேயருக்கு, அதாவது சுமார் 200 ஏக்கருக்கு மேல் என்றால் பெரிய அல்லது நடுத்தரக் குளம். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், வாகனேரி போல. இவை நீர்ப்பாசனத் திணைக்களங்களின் பொறுப்பு. அதற்குக் கீழ்ப்பட்ட சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. இவை எல்லாவற்றுக்கும் மேலே அளவில் வேறெதுவும் கிட்ட நிற்க முடியாத சேனாநாயக்க சமுத்திரம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர்த்தேக்கம், அணை இங்கினியாகலையில். கல்லோயாவின் பழைய தமிழ்ப் பெயர் பட்டிப்பளை ஆறு என்பதை மூத்தவர்கள் இப்போதும் சொல்வார்கள். குடியேற்றத்தோடு வந்த திட்டம் அது, 1956 ஜூனில் கல்லோயாவில் நடந்த வன்முறையும் அதன் வரலாற்றில் சேர்ந்ததுதான். இதை விட்டுவிட்டு "பொது நீர்" என்று பேசினால் கேட்பவர் நம்பமாட்டார்.

கூட்டத்தில் நடப்பது

மாவட்ட செயலாளரோ பிரதேச செயலாளரோ தலைமை தாங்குவார். நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல உத்தியோகத்தர், விவசாயப் போதனாசிரியர், காப்புறுதிச் சபைக்காரர், வங்கிக்காரர் மேசையில். எதிரே விவசாய அமைப்புகளின் தலைவர்கள், வட்டையில் தண்ணீர் முறையைப் பார்க்கிற வட்டை விதானைமார், காணிக்காரர்கள். 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டமும், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டமும்தான் இதற்கு அடித்தளம். தீர்மானம் காகிதத்தோடு முடிவதில்லை. மீறுகிறவரை நீதிமன்றம் வரை கொண்டுபோகலாம்.

முடிவாகிறவை பெரும்பாலும் இவை:

1. குளத்தில் இப்போது எத்தனை அடி தண்ணீர், அதற்கு எத்தனை ஏக்கர் செய்யலாம். சிறுபோகத்தில் சண்டை வருவது இங்கேதான்.
2. வாய்க்கால் துப்புரவு எப்போது, யார் எந்தத் துண்டு.
3. துருசு (குளத்து மதகு) திறக்கிற நாள், விதைப்பு முடிகிற நாள், கடைசித் தண்ணீர் விடுகிற நாள்.
4. எந்த வயது நெல்: மூன்று மாதமா, மூன்றரை மாதமா. பிஜி 300 மூன்று மாதம், பிஜி 94-1 மூன்றரை மாதம்.
5. மாடுகள் வெளியேற வேண்டிய நாள்.
6. வட்டை விதானைக்கு ஏக்கருக்கு எவ்வளவு கொடுப்பது.

ஆறாவதில் ஒரு சின்ன வரலாறு இருக்கிறது. விதானை என்பது அரசாங்கம் நியமித்த பழைய பதவி. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அதை எடுத்துவிட்டு பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது. பிறகு அந்தக் குழுக்களும் போயின. கிழக்கின் வட்டைகளில் விதானை மட்டும் போகவில்லை. விவசாயிகளே ஒருவரைத் தெரிந்து, அவருக்கு விவசாயிகளே கூலி கொடுத்து, அந்தப் பெயரையும் வைத்துக்கொண்டார்கள். சட்டம் எடுத்துவிட்ட ஒரு வேலையை ஊர் தன் காசில் வைத்திருக்கிறது என்றால் அந்த வேலையின் மதிப்பு தெரிகிறது.

ஏன் எல்லோருக்கும் ஒரே திகதி?

"என் வயல், என் விதை, நான் நினைத்த நாளில் விதைப்பேன்" என்று ஒருவர் ஏன் சொல்ல முடியாது? கணக்குப் பார்த்தால் புரியும்.

மூன்றரை மாத நெல்லுக்கு ஏறக்குறைய 105 நாள். வாய்க்காலின் தலைப்பில் இருப்பவர் முதல் தண்ணீரோடு விதைத்துவிட்டார், கடைசியில் இருப்பவர் இரண்டு கிழமை பிந்திவிட்டார் என்று வையுங்கள். அந்தக் கடைசி நாலைந்து ஏக்கருக்காக முழு வாய்க்காலும் இன்னும் 14 நாள் ஓட வேண்டும். வாய்க்கால் ஓடினால் பயிருக்குப் போவது ஒரு பங்கு; மண்ணில் ஊறி, வெயிலில் ஆவியாகி, கழிவாற்றில் சேர்வது மிச்சம். பெரும்போகத்தில் மழை இந்த நட்டத்தை மூடிவிடும். சிறுபோகத்தில் அந்த 14 நாள் அடுத்த வாய்க்காலின் கதிர்ப் பருவத்தைத் தின்றுவிடும்.

இன்னொன்று பூச்சி. ஒரு வட்டை முழுதும் ஒரே வயதில் நின்றால் பூச்சிக்கும் எலிக்கும் குருவிக்கும் தீனி ஒரே சமயத்தில் வந்து ஒரே சமயத்தில் முடியும். முன்னும் பின்னுமாக நின்றால் அது வயல் வயலாக மாறி மாறிச் சாப்பிடும். அறுவடை மெசினுக்கும் அப்படித்தான். நடுவில் ஒரு வயல் பச்சையாக நின்றால் மெசின் அப்பால் போக வழியில்லை.

இதெல்லாம் கூட்டத்தில் ஒத்துக்கொள்கிற விஷயம். ஒத்துக்கொண்டதை இரவில் காப்பாற்றுவதுதான் கஷ்டம். கடைக்கண்டத்து விவசாயி வாய்க்காலைப் பார்க்கிறார். முழங்காலுக்கு வர வேண்டிய தண்ணீர் கணுக்காலுக்கும் வரவில்லை. டோர்ச்சும் மண்வெட்டியுமாக வாய்க்கால் கரையோடு மேலே நடக்கிறார். எங்கேயோ ஒரு வக்கடை, வயலுக்குத் தண்ணீர் விடுகிற வாய், முறை இல்லாத நேரத்தில் திறந்து கிடக்கிறது. வைக்கோலும் சேறும் வைத்து அடைத்ததை யாரோ காலால் தள்ளிவிட்டிருக்கிறார். அந்த வயல்காரரை எழுப்பிச் சண்டை பிடிக்கலாம். வழக்கம் அதுவல்ல. வட்டை விதானைக்குப் போன் எடுப்பார், விதானை வந்து அடைப்பார், விடிந்த பிறகு பேச்சு. திறந்தவர் என்ன இனம், என்ன ஊர் என்பது அந்த நேரத்தில் இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, முறை யாருடையது என்பதுதான்.

தலைப்பில் இருப்பவர் அள்ளி எடுக்கக் கூடாது, கடையில் இருப்பவர் பிந்தக் கூடாது, இரண்டையும் பார்க்க ஊர் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். பொது விழுமியம் என்று இங்கே நான் எதையாவது காட்ட வேண்டுமென்றால் இதைத்தான் காட்டுவேன்.

இடதுகரை 1997

வசதியான காலத்தில் யாரும் பங்கு போடலாம் என்று சொல்வீர்கள். கல்லோயா இடதுகரை வாய்க்காலில் நடந்தது வேறு. மேலே பெரும்பாலும் சிங்களக் கிராமங்கள், கடைப்பகுதியில் தமிழ் விவசாயிகள். 1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து அங்கே விவசாய அமைப்புகளைக் கட்ட உதவின. இளைஞர்கள் வாய்க்கால் வாய்க்காலாகப் போய் இருந்து, பத்துப் பதினைந்து குடும்பங்களை ஒரு வயல் வாய்க்காலின் குழுவாகச் சேர்த்தார்கள். 1981இல் நீர்த்தேக்கத்தில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது. அப்படியிருந்தும் மேல்வாய்க்கால்காரர்கள் முறை வைத்து மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழே விட்டார்கள்.

பெரிய சோதனை 1997 சிறுபோகத்தில் வந்தது. இருக்கிற தண்ணீர் இடதுகரைப் பரப்பில் 18 வீதத்துக்குத்தான் காணும் என்று பொறியியலாளர்கள் கணக்குச் சொன்னார்கள். விவசாய அமைப்புகள் முழுப் பரப்பையும், 65,000 ஏக்கரையும், செய்ய அனுமதி கேட்டு, தண்ணீரை மேலும் கீழும் பங்கிட்டு, வழமையைவிடக் குறையாத விளைச்சலோடு முடித்தன. அது யுத்தம் உச்சத்தில் இருந்த ஆண்டு. மேலே இருந்தவர்களும் கீழே இருந்தவர்களும் இரண்டு மொழி பேசுகிறவர்கள்.

இதை நல்லிணக்கக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சம்மதமில்லை. மேலே இருந்தவர் தண்ணீர் விட்டதற்கு நல்ல மனம் ஒரு காரணம். விட்ட தண்ணீர் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது இன்னொரு காரணம். கீழே இருந்தவரின் பிரதிநிதி அதே கூட்டத்தில் எதிரே உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் கதிரை இல்லாதவருக்கு என்ன நடக்கிறது என்பதைக் கீழே பார்ப்போம்.

வண்ணக்கர், மரைக்காயர்

வயலுக்கு வெளியேயும் பொது வழக்கு இருக்கிறது; சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிழக்குக் கரையில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி என்ற குலப் பிரிவு உண்டு, அது தாய்வழி வருவது. கோயில் நிர்வாகத்தில் குடிக்கு ஒருவர் வண்ணக்கர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒருவர் மரைக்காயர் என்பது பல ஊர்களில் வழமை. கலியாணத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மதம் வேறாக இருந்தும், பொறுப்பைக் குடிக்குக் குடி பங்கிட வேண்டும் என்கிற எண்ணம் இரு பக்கமும் ஒன்று. இதில் மறைத்து வைக்கக் கூடாத ஒன்றும் உண்டு: வீடு கட்டிக் கொடுக்க வேண்டிய சுமை பெண்ணைப் பெற்ற குடும்பத்தின் மேல்தான். வெளிநாட்டு வேலைக்குப் போகிற பலருடைய கணக்கில் முதல் வரி அந்த வீடுதான்.

கூட்டத்தின் விதி எட்டாத இடங்கள்

அ. மாடு

விதைப்பு முடிந்ததும் மாடு வட்டையில் நிற்கக் கூடாது. அறுவடை முடிந்ததும் திரும்பி வந்து தாள் மேயலாம், சாணம் வயலுக்கு. இடையில் நாலைந்து மாதம் அது எங்கே நிற்பது? காலங்காலமாக மேற்கு எல்லையின் மேட்டுநிலப் புல்வெளிகளில். மட்டக்களப்புத் தயிர் என்று பெயர் வாங்கிய தயிரின் பால் அந்த இடமாற்றத்தை நம்பித்தான் இருக்கிறது.

மயிலத்தமடு, மாதவனை அப்படிப்பட்ட இடம். வெளி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் மேய்ச்சற்தரையில் பயிர் செய்கிறார்கள், மாடுகள் சுடப்படுகின்றன, வெட்டப்படுகின்றன என்பது பண்ணையாளர்களின் முறைப்பாடு. 2023 செப்டெம்பரில் அவர்கள் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். காணி மகாவலி அதிகாரசபையின் நிர்வாகத்தில் இருக்கிறது; மாவட்டத்தின் ஆரம்பக் கூட்டத்துக்கு அங்கே ஒரு அடி நிலத்திலும் அதிகாரமில்லை. அம்பாறையில் வட்டமடு. அங்கே தமிழ்ப் பண்ணையாளருக்கு அது மேய்ச்சற்தரை, முஸ்லிம் விவசாயிக்கு அது வயல், வனத் திணைக்களத்துக்கு அது காடு. ஒரே நிலத்துக்கு மூன்று பெயர்.

வயல் பிணக்கு என்று வெளியே தெரிகிற பலவும் உண்மையில் மாடு போக இடமில்லாததால் வருபவை. நெல்லுக்கும் பாலுக்கும் சண்டை என்று எழுதுகிறவர்கள் பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் நடுவில் இரண்டும் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்பதைப் பார்ப்பதில்லை.

ஆ. முகத்துவாரம்

வாவி கடலோடு சேர்கிற இடங்கள் இரண்டு: வடக்கே பாலமீன்மடு, தெற்கே கல்லாறு. கோடையில் மணல் மேடாகி வாய் மூடிக்கொள்ளும். மாரியில் வெள்ளம் ஏறினால் படுவான்கரை வயல் முழுகும். "முகத்துவாரத்தை வெட்டுங்கள்" என்று விவசாயி கேட்பார். "இப்போது வெட்டினால் இறாலும் மீனும் கடலோடு போகும், உப்பும் ஏறும், பொறுங்கள்" என்று மீனவர் கேட்பார். இருவரும் சொல்வது சரி. வாவியில் தண்ணீர் எத்தனை அடி ஏறினால் வெட்டுவது என்று மாரிக்கு முன்பே இருவரும் உட்கார்ந்து பேசி எழுதி வைத்தால் வெள்ளத்தன்று வாக்குவாதம் தேவையில்லை. பெரும்பாலும் பேச்சு வெள்ளம் வந்த பிறகுதான் தொடங்குகிறது.

வெள்ளம் வயலோடு நிற்பதும் இல்லை. 2011 ஜனவரியில் மட்டக்களப்பு பல நாள் தண்ணீரில் கிடந்தது. 2024 நவம்பரில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த மதரசா மாணவர்கள் உயிரிழந்தார்கள். அந்த வீதி வயல் நடுவே போகிறது. குளத்திலிருந்து தண்ணீர் வருகிற வாய்க்காலுக்கு விதானை, துப்புரவு நாள், தண்டம் எல்லாம் உண்டு. வயலிலிருந்து தண்ணீர் வடிகிற வாய்க்காலுக்கு அப்படி ஒருவர் இல்லை.

இ. விலை

திகதியை ஊர் தீர்மானிக்கிறது, விலையைக் கொழும்பும் ஆலைக்காரரும் தீர்மானிக்கிறார்கள். கிழக்கில் பெரும்போக அறுவடை நாட்டின் மற்றப் பெரிய நெல் மாவட்டங்களைவிட முந்தி வரும். 2025இல் அரசு நெல் வாங்குகிற உத்தரவாத விலை பெப்ரவரி முற்பகுதியில்தான் அறிவிக்கப்பட்டது: நாடு என்ற நெல் வகை கிலோ 120 ரூபாய், சம்பா 125, கீரிச் சம்பா 132. முதலில் அறுத்தவர் கடனுக்கு முகம் கொடுக்க அதற்கு முன்பே வயலில் வைத்து விற்றிருப்பார். நெல் சந்தைப்படுத்தல் சபை முழு விலைக்கு எடுக்க ஈரப்பதம் 14 வீதமாக இருக்க வேண்டும். மெசின் அறுத்துக் கொட்டிய ஈர நெல்லைக் காயவைக்கக் களம் இல்லாதவர் தார் வீதியில் பரப்புவார். ஒரு மழை தூறினால் படங்கு இழுத்து மூட ஓட வேண்டும். ஆலைக்காரருக்கு இது தெரியும்.

2021 இதன் மோசமான உதாரணம். திகதி, தண்ணீர், விதை எல்லாம் கூட்டத்தின்படி நடந்தன. இரசாயனப் பசளை இறக்குமதித் தடையால் பசளை மட்டும் இல்லை. தடையை அதே ஆண்டு நவம்பரில் விலக்கியபோது விதைத்து முடிந்திருந்தது.

அப்போ எது முதலில்?

முன்னுரிமைப் பட்டியல் என்றால் வீதி, பாடசாலை, சுற்றுலா, தொழிற்பேட்டை என்று நீளமாக எழுதலாம். என் வரிசை குறுகியது. ஏற்கெனவே இயங்குகிற பங்கீட்டு முறையை அடுத்த படிக்குக் கொண்டுபோகிறவை மட்டும்.

1. உத்தரவாத விலை ஆரம்பக் கூட்டத்துக்கு முன்னால் தெரிய வேண்டும். விதைக்கிற நாளில் விற்கிற விலை தெரிந்தால்தான் எத்தனை ஏக்கர், எந்த நெல் என்கிற தீர்மானத்துக்கு அர்த்தம் இருக்கும். வட்டைக்கு ஒரு காயவைக்கும் களம் இதோடு சேர வேண்டும். அது பெரிய செலவுமில்லை.

2. வடிகாலும் முகத்துவாரமும் கூட்டக் குறிப்பில் வர வேண்டும். வாவி மீனவர் சங்கங்களுக்கு அங்கே கதிரை வேண்டும்.

3. குடிநீர். உன்னிச்சைத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு எழுவான்கரைக் குழாய்களுக்கும் வருகிறது. வறட்சி ஆண்டில் குழாய்க்கு எவ்வளவு, சிறுபோகத்துக்கு எவ்வளவு என்பது இனி எல்லோருக்கும் உரிய கேள்வி. நகரத்தவர் நாங்கள் அந்தக் கூட்டத்துக்குப் போவதில்லை. தண்ணீர் மட்டும் குடிக்கிறோம்.

4. மேய்ச்சற்தரை. இது மற்ற மூன்றையும்விடக் கடினம், ஏனென்றால் முடிவு மாவட்டத்தின் கையில் இல்லை. மகாவலி, வனம், காணி என்று மூன்று நான்கு நிறுவனங்கள் கையொப்பமிட வேண்டும். எல்லை அளந்து வர்த்தமானியில் போடாமல் இது தீராது. அதற்கிடையில் மாவட்டத்துக்குள்ளேயே செய்யக்கூடிய ஒன்று உண்டு. பெரும்போக ஆரம்பக் கூட்டக் குறிப்பில் "கால்நடைகளை அப்புறப்படுத்த வேண்டிய இறுதித் திகதி" என்றொரு வரி தவறாமல் இருக்கும். எந்த இடத்துக்கு, எந்தப் பாதையால் என்று அதற்குப் பக்கத்தில் எழுத ஒரு கட்டம் போடலாம். அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிற ஆண்டில் முதல் தண்ணீருக்குத் திகதி குறிப்பதில்லை என்று கூட்டம் தீர்மானிக்கலாம்.